எதுக்குச் சித்தியும் சுழி போட்ட சேறும்

என் சித்திக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பேர் 'எதுக்கு'. பெற்றவர்கள் வைத்த பேரும் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டைக்கு வெளியே அது புழங்குவதில்லை. மளிகைக்கடைக்காரர் சும்மா ஒரு மிட்டாயை நீட்டினால் "எதுக்கு?" என்பாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாலும் அதே கேள்விதான். "உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்போ இதையேதான் கேட்டா. இன்னும் பதில் சொல்லி முடியல" என்பார் சித்தப்பா, சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே.

நகரத்தின் கடைசி வீட்டு வரிசை அவர்களுடையது. அதற்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கால்வாய். அதைப் பலகை வழியாகத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் கோரையும் தண்ணீரும், இடையிடையே தண்ணீரிலேயே நிற்கும் மரங்களும். சதுப்பு நிலம் என்று படித்தவர்கள் எழுதுவார்கள். அந்த வரிசைப் பெண்களுக்கு அது வெறும் சேறு. மற்றவர்கள் ஆபீஸ் போகிறேன் என்பதுபோல் இவர்கள் "சேத்துக்குப் போறேன்" என்பார்கள். மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள், நண்டு பிடிப்பார்கள், கோரை அறுத்து மாட்டுக்காரர்களுக்கு விற்பார்கள். ஆண்களின் சம்பாத்தியம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அடுப்பு எரிந்தது சேற்றை நம்பித்தான்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பொறுக்கிய மட்டியை யாரும் கூடையில் வைத்துக் கரையில் வைக்க மாட்டார்கள். வலைப் பையில் போட்டு, கழுத்தைக் கட்டி, தண்ணீருக்குள் ஒரு வேரில் முடிந்து முழுக்கிவிடுவார்கள். உயிரோடு கிடக்கும், வியாபாரி வரும்போது தூக்கினால் போதும். யார் பை எந்த வேரில் என்பது அவளவளுக்கு மட்டும்தான் தெரியும். கூடப் பிறந்தவளுக்கும் சொல்வதில்லை. பழக்கமில்லாத வண்டி தெருமுனையில் திரும்பினால், முதலில் பார்த்தவள் வாளியை ரெண்டு தட்டு தட்டுவாள். அடுத்த நிமிஷம் சேறு காலி. சில பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. முன்பு ஒரு முறை யாரோ வந்து ஆடுகளை எண்ணிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம், நகர எல்லைக்குள் ஆடு வளர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தோணிகளை எண்ணினார்கள், உரிமம் வந்தது. அப்போதிருந்து எவராவது எதையாவது எண்ண வந்தால் சித்தியின் கை வாளியைத் தேடும்.

அதனால்தான் மாவட்டத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தபோது, வரிசை முழுக்க ஒரே பதில் தயாராக இருந்தது. தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்கு அன்றே 'கண்ணாடி மேடம்' என்று பேராகிவிட்டது. வீடு வீடாக உட்கார்ந்து, சதுப்பிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தது சித்தி. எல்லோரும் ஒப்பித்தது ஒன்றே: ஒண்ணுமில்ல.

சித்தி வீட்டில் அடுப்பில் மட்டி வெந்துகொண்டிருந்தது.

"என்னம்மா வேகுது?"

"தண்ணி."

"தண்ணிக்கு இவ்வளவு வாசனையா?"

"எங்க குழாயில அப்படித்தான் வருது மேடம். அதையும் எழுதிக்கோங்க."

கண்ணாடி மேடம் மூன்று முறை கேட்டாளாம். மூன்று முறையும் ஒண்ணுமில்ல. போகும்போது வாசலில் நின்று சேற்றைப் பார்த்தாள். துணி துவைக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சித்தி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் அப்போது கடல் தாண்டிய ஒரு நகரத்தில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். அன்று நானும் சிரித்தேன். சில மாதம் கழித்து, மாவட்டத் திட்டத்தின் வரைவை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் படித்தபோது சிரிப்பு வரவில்லை. வரைவு நான் கல்லூரியில் படித்த மொழியில் இருந்தது, சித்தி பேசும் மொழியில் இல்லை. நம் சேறு நான்கே வரியில் முடிந்திருந்தது. பயன்பாட்டில் இல்லாத ஈர நிலம். யாருடைய பிழைப்பும் இதைச் சார்ந்திருக்கவில்லை. மண் நிரப்பிச் சரக்குக் கிடங்கு கட்டலாம்.

சித்தியைப் போனில் கூப்பிட்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"யாருமே சார்ந்து இல்லையா?" என்றாள் சித்தி. "அப்போ நேத்து இடுப்பளவு தண்ணியில நின்னது யாரு?"

"நீங்கதானே சித்தி ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொன்னா அவ அப்படியே எழுதுவாளா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, இதை நீயா படிச்சியா, இல்ல உன்னைப் படிக்கவெச்சாங்களா? அங்க உன்கிட்ட யாராவது வந்து பேசினாங்களா?"

யாரும் பேசவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறை.

விடுமுறைக்கு நான் ஊர் போனதும் அந்த நேரம்தான். வரைவு பற்றி மக்கள் சொல்வதைக் கேட்கத் திட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் கிரீச்சிடும் மின்விசிறி, சுவரில் மாவட்ட வரைபடம். சேறு இருக்கும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு கட்டம் வரைந்து 'கிடங்கு' என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். சித்தி எழுந்து நின்றாள். தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு அலுவலகத்தில் உண்மையைச் சொன்னாள். மட்டி, நண்டு, கோரை, இத்தனை வீடு, எல்லாம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துணை இயக்குநர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டார். "முன்னாடி ஒண்ணுமில்லன்னீங்க. இப்போ கிடங்கு வருதுன்னதும் எல்லாம் இருக்கா? உங்களை யாரு அனுப்பினாங்க?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மேல் பட்ட சந்தேகம் தன் மேலேயே திரும்பி வந்ததும் சித்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் மேலும் பட்டது. வெளிநாட்டுச் செருப்பும் தோள்பையுமாக ஒருத்தி. அனுப்பியது யார் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்றே தோன்றியது.

கூட்டம் முடிந்ததும் கண்ணாடி மேடம் படிக்கட்டில் எங்களை நிறுத்தினாள். கோபமாக இருந்தாள். கோபத்துக்கு அடியில் ஏதோ வருத்தமும் இருந்தது.

"மூணு தடவை கேட்டேன்ல? எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?"

"வரி போட" என்றாள் சித்தி.

மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாட்டு பட்ஜெட் போடறதுக்கு இந்த வருஷம் புது விதி வந்திருக்கும்மா. ஒவ்வொரு மாவட்டமும் தன் தண்ணி, மரம், சேறு எல்லாம் ஏழைங்களுக்கு என்ன குடுக்குதுன்னு காட்டணும். குடுக்கற இடத்தை மூடினா, நீங்க இழக்கறதையும் அந்தத் திட்டத்தோட செலவுலயே சேர்க்கணும். சேர்த்துப் பார்த்தா அந்தக் கிடங்கு கட்டுபடியாகாது. எனக்கு அது பார்த்தாலே தெரிஞ்சுது. உங்க சேத்துக்கு நேரா எழுத நீங்க ஒரு வார்த்தை குடுத்திருந்தாப் போதும். நீங்க குடுத்தது பூஜ்யம். நான் சுழி போட்டேன்."

"இப்போ மாத்துங்க."

"யார் பேச்சை நம்பி? என் மேலதிகாரி உங்களை நம்பல. நானே பாதிதான் நம்பறேன். வெள்ளிக்கிழமை கோப்பு தலைநகருக்குப் போகுது. அதுக்குள்ள என் கண்ணால பார்க்கணும். எப்போ வருவேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா கடையில வாங்கி வந்து காட்டுவீங்க."

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சித்தி முகத்தில் மரியாதை தெரிந்தது அந்த ஒரு நாள்தான். "சொல்லாமலே வாங்க. சொல்லிட்டு வர்றவங்களை நானும் நம்ப மாட்டேன்."

அன்று சாயங்காலமே வரிசை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆபீஸ் ஜீப் வந்தால் வாளி தட்டக் கூடாது, எதையும் ஒளிக்கக் கூடாது. அடுத்த வீட்டில் இருந்த சித்தியின் ஓரகத்தியிடம் மட்டும் நான் போய்ச் சொன்னேன். சித்தப்பாவின் அண்ணன் மனைவி அவள். எல்லோரும் 'பெரியவ' என்பார்கள். எப்போதோ நடந்த ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உங்க சித்தி திடீர்னு உண்மை பேசறாளா? என்ன லாபமாம் அவளுக்கு?" என்றாள் பெரியவ.

மறுநாள் ஜீப் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. முன்பு ஒரு நாள் கிடங்குக்காரர்கள் நிலம் அளக்க வந்த கார் போலவே இருந்தது. வாளியில் ரெண்டு தட்டு கேட்டது. யார் தட்டினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். தட்டியது சித்தி.

கார் நின்றபோது சேறு காலியாக இருந்தது. பைகள் தண்ணீருக்கடியில் கிடந்தன. பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு இறங்கியது கண்ணாடி மேடம். ஜீப்பைப் பார்த்து நாங்கள் நாடகம் போட்டுவிடக் கூடாதே என்று வாடகைக் காரில் வந்திருந்தாள். கால்வாய்ப் பலகையில் நின்று, நிதானமாக, சேற்றை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். தண்ணீர் பளபளவென்று இருந்தது. ஒரு மட்டி ஓடுகூட இல்லை.

"போதும்" என்றாள் யாரிடம் என்றில்லாமல். திரும்பிக் கார்க் கதவில் கை வைத்தாள்.

கூப்பிடலாம் என்றால், நான் கூப்பிட்டால் அதையும் யாரோ அனுப்பி வைத்த ஆள் கூப்பிட்டதாகத்தானே மேடம் எடுத்துக்கொள்வாள்.

சித்தி கையிலிருந்த துணியைக் கரையில் எறிந்தாள். "மேடம், நில்லுங்க." கோரைக்குள் நடந்தாள். இடுப்பளவு, மார்பளவு. பக்கத்தில் இருந்தவள் "அக்கா, வேணாம், இடம் தெரிஞ்சிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. இத்தனை வருஷம் சித்தப்பாவுக்கும் காட்டாத இடம் அது. எல்லோர் கண்ணுக்கும் எதிரே சித்தி குனிந்து, தோள் வரை கையை விட்டு, வேரில் இருந்த முடிச்சை அவிழ்த்து, வலைப் பையை இழுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு குழந்தை கனத்துக்கு மட்டி.

மேடம் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒரு பை. நேத்து வாங்கிப் போட்டிருக்கலாம்."

அந்த நொடியில்தான் பெரியவ வாயைத் திறந்தாள்.

"அந்த வேரு யாருதுடி?"

சித்தி திரும்பினாள்.

"அந்த வளைஞ்ச வேரு என்னுது. மாமியார் எனக்கு மட்டும் காட்டிக் குடுத்தது. இத்தனை நாளா என் வேர்ல கட்டிட்டுத்தான் உத்தமி மாதிரி திரிஞ்சியா? அதான் என் பை இளைச்சிட்டே போச்சு."

"உன் பையை நீயே தின்னு இளைக்கவெச்சிட்டு என் மேல போடறியா?"

"நானா? இரு, இப்போ காட்டறேன், எது என் வேருன்னு." பெரியவ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சித்திக்கு ஒரு கை தூரத்தில் மூழ்கி எழுந்தாள். கையில் ஒரு பை, பின்னாலேயே இன்னொன்று. "பாரு. இது பக்கத்துல நீ கட்டலாமா? மேடம், நீங்களே நியாயம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் பை கட்டியிருந்த மூன்று பேரின் நியாயமும் இதில் மாட்டிக்கொண்டிருந்தது. யார் வேர் எது வரை, யார் யாருக்கு முந்தி என்று சேறு முழுக்கக் குரல். சாட்சிக்குப் பை பையாக மேலே வந்தது. நண்டுக் கூடைகளும் வந்தன. திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

கண்ணாடி மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையிலிருந்து இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியாக வரச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நாடகம்னா இவ்வளவு நல்லாத் திட்ட வராது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று மதியம் கோப்பு போனது. சுழி இருந்த இடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. பட்ஜெட் வந்தபோது கிடங்கு அதில் இல்லை. வேறு எங்கோ காய்ந்த நிலத்துக்குப் போய்விட்டதாம். பதிலுக்கு ஒரு சின்ன வேலைக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள்: சாக்கடைத் தண்ணீர் சேற்றில் கலக்காமல் கால்வாயைத் திருப்பிவிடுவது. மட்டி பெருகும், பெருகினால் வீடுகளில் வறுமை குறையும் என்று காரணம் எழுதியிருந்தது. அந்த வரியைப் போனில் படித்துக் காட்டினேன்.

"எங்க வீட்டு வறுமை குறைஞ்சா அவங்களுக்கு என்ன?" என்றாள் சித்தி.

கால்வாய் வெட்ட ஆட்கள் வந்தபோது, வேலை முடியும் வரை குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் பெரியவ. இருவரும் இப்போதும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மேஸ்திரியைச் சந்தேகப்படுவதில் ஒரே கட்சி.

சேறு அப்படியே இருக்கிறது. சித்தியின் பழைய வேர்தான் போயிற்று. ஊரே பார்த்த இடத்தில் யார் கட்டுவார்கள்? போன வாரம் போன் வந்தது. கண்ணாடி மேடம் இந்த வருஷக் கணக்குக்கு மறுபடி வந்தாளாம்.

"சொன்னீங்களா சித்தி?"

"சொன்னேன். வாரத்துக்கு எவ்வளவு வருது, யார் வாங்கறாங்க, எல்லாம் சொன்னேன். போன வருஷத்தைவிட ஜாஸ்தின்னும் சொன்னேன். எழுதிக்கிட்டா."

"புது இடம் கிடைச்சிடுச்சா அப்போ?"

"கிடைச்சுது. நல்ல ஆழம்."

"எந்தப் பக்கம்?"

நான் அத்தனை தூரத்தில் இருக்கிறேன், எனக்கு நீந்தவும் தெரியாது.

"எதுக்கு?" என்றாள் சித்தி.