குறைந்த பிள்ளைக்கு முழுப்பேர்

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள் பேச்சியம்மா. தாய்மார் கொழுந்து பறிக்க மலை ஏறிவிட்டால், அவர்களுடைய சின்னப் பிள்ளைகளெல்லாம் அந்தத் தகரக் கொட்டகையில் அவள் பொறுப்பு. அவளும் கொழுந்து பறித்தவள்தான். அடைமழையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. நொண்டித்தான் நடப்பாள். ஆனால் குரல் இருக்கிறதே, அது நொண்டாது. கொட்டகை வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் மேல்மலையில் பறிக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள்.

பெற்றது மூன்று. ஒன்றும் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. பிறத்தியார் பிள்ளைகளின் மூக்கைச் சிந்திவிட்டாள், பேன் பார்த்தாள், வாயில் அடைத்த மண்ணைத் தோண்டி எடுத்தாள்.

மண் தின்பதில் முதல் ஆள் ராக்காயியின் மகள் செல்லி. இரண்டு வயது தாண்டியும் நடை வரவில்லை. வயிறு பானை, கைகால் குச்சி. இடுப்பில் வைத்தால் கனமே தெரியாது.

"அரைக்கூடைக் கொழுந்துகூட இதைவிடக் கனக்கும்டி. டிஸ்பென்சர் ஐயாகிட்ட காட்டு" என்று பேச்சியம்மா சொல்லிப் பார்த்தாள்.

"எங்க வம்சமே ஒல்லிதான்க்கா" என்று ராக்காயி முடித்துவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறோ ஏழோ இருக்கும், நுவரெலியாவிலிருந்து ஒரு டாக்டர் வரப்போகிறார் என்று தோட்டத்தில் அறிவித்தார்கள். நோய் வருமுன்பே பிள்ளைகளைப் பார்ப்பாராம். முதலில் எல்லாரையும் நிறுப்பது. எடை குறைந்த பிள்ளைகளை மட்டும் தனியே நிறுத்தி இரத்தம், வயிறு எல்லாம் சோதிப்பது என்று ஏற்பாடு.

"நோவு இல்லாத பிள்ளைக்கு எதுக்கு டாக்டரு?" என்றது தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்க.

பேச்சியம்மா நொண்டிக்கொண்டே காம்பரா காம்பராவாக, ஒரு வீடு விடாமல் போனாள். "நோவு வந்தப்புறம் பார்த்த டாக்டருங்க எத்தனை பிள்ளையைத் திருப்பிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். மூன்றைப் பறிகொடுத்தவள் வாயிலிருந்து வந்த சொல் அது. குறித்த நாளில் அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

கோளாறு தராசால் வந்தது. பிள்ளையை நிறுக்கத் தோட்டத்தில் வேறு தராசு ஏது? கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலிருந்து தராசைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். அதே கூடை. எழுதுவதற்கும் அதே கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். காலமெல்லாம் அந்தப் பெண்கள் கண்டது அது. பிள்ளை குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

"ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி பிள்ளைக்கும் தண்ணிக்குன்னு ரெண்டு றாத்தல் கழிப்பாங்களோ?" என்றாள் வரிசையில் நின்ற அம்மாக்கண்ணு.

"ஒம் பிள்ளை இப்பத்தான் ஒண்ணுக்குப் போச்சு. இன்னும் கழிக்க என்ன இருக்கு?" என்றாள் பின்னால் நின்றவள்.

செல்லி முறை வந்தது. டாக்டர் முள்ளைப் பார்த்தார். "பரவாயில்லை. அடுத்த பிள்ளை."

பேச்சியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரவாயில்லையா? தினமும் தூக்குகிற பிள்ளை. கூடையிலிருந்து எடுத்தாள், கை இறங்கியது. பிள்ளையின் இடுப்புத் துணியைத் தடவினாள். உள்ளே இரும்பு. உருவி எடுத்தால், ராக்காயியின் மாமியார் வெற்றிலை இடிக்கிற பாக்குரல்.

கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "கொழுந்துக்கூடையில கல்லு வைக்கிற புத்தியைப் பிள்ளைகிட்டயும் காட்டிட்டாளே!"

ராக்காயி குன்றிப்போனாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பாள்; பேச்சியம்மா விடவில்லை.

"சிரிக்காதீங்க ஐயா. நீங்க தராசுகிட்ட நின்னாலே எங்களுக்கு அரைப்பேரு நினைப்புத்தான் வருது. கொஞ்சம் அந்தப் பக்கம் போயி வெத்திலை போடுங்க. இந்தாங்க, உரலும் இருக்கு."

பாக்குரலை அவர் கையிலேயே வைத்தாள். டாக்டரே சிரித்துவிட்டார். கணக்கப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

பிறகு அந்தக் குரல் எழும்பியது. "அடியே, எல்லாரும் கேட்டுக்கங்க! இது கொழுந்து இல்ல. இங்க குறைஞ்ச பிள்ளைக்குத்தான் முழுப்பேரு. மருந்தும் பாலும் அதுக்குத்தான். அப்படித்தானேங்க டாக்டரய்யா?"

"அப்படித்தான்" என்றார் அவர்.

மற்றப் பிள்ளைகளின் துணி முடிச்சுகளும் அவிழ்ந்தன. கூழாங்கல் விழுந்தது, எடைக்கல் விழுந்தது. அம்மாக்கண்ணு மகன் சட்டைக்குள்ளிருந்து ஒரு பூட்டு. "சாவி தொலைஞ்சு சும்மா கெடந்துச்சு" என்றாள் அவள்.

செல்லியை மறுபடி நிறுத்தார்கள். முள் அசைந்ததோ இல்லையோ. டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. வயிறு முழுக்கப் பூச்சி, உடம்பில் இரத்தமே இல்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவர், ராக்காயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அரைப்பேர் போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்க்கா" என்று அவள் அழுதாள்.

"அழுதது போதும். மருந்தை வாங்கு."

பூச்சி மருந்து ஒருமுறை. கறுப்பு டானிக்கோ தினமும். செல்லி துப்புவாள், பேச்சியம்மா மூக்கைப் பிடித்து மறுபடி ஊற்றுவாள். பாலை ஆற்றிப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க வைப்பாள். மண் தின்ன வாசல்பக்கம் தவழ்ந்தால் காலைப் பிடித்து இழுப்பாள். பிறத்தியார் பிள்ளைக்கு இவ்வளவு மல்லுக்கட்ட ஒரு மனசு வேண்டும்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது செல்லி கூடையில் உட்கார மறுத்து எழுந்து நின்றாள். முள் நன்றாகவே இறங்கியது. கணக்கப்பிள்ளை தூரத்தில்தான் நின்றார்.

"மடியைத் தடவிப் பாருங்கக்கா, ஒண்ணும் வைக்கல" என்றாள் ராக்காயி.

பேச்சியம்மா தடவினாள். இடுப்பில் சதை. கூச்சத்தில் பிள்ளை நெளிந்து சிரித்தது.

"முழுப்பேருடி" என்றாள் பேச்சியம்மா. மேல்மலை வரை கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்ற ராக்காயிக்கே சரியாகக் கேட்கவில்லை.