முடிவு அருமை

எக் பஃப்ஸ் வாசனையும் பழைய ஏசியோட ஈரத்துணி நாத்தமும் கலந்து ஒரு வாசனை... ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில இருந்த அந்த பிரவுசிங் சென்டர் இப்பவும் என் மூக்குலயே இருக்கு.

அப்போ எனக்கு இருபத்தி மூணு வயசு. நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல வேலை. சனிக்கிழமை மத்தியானம் லீவு விட்டதும் நேரா அங்க போய் உக்காந்துடுவேன். கதை எழுதுறவங்க கூடுற ஒரு ஃபோரம் நெட்ல இருந்துச்சு. கீபோர்டுல ஷிஃப்ட் கீ மக்கர் பண்ணும். ‘பள்ளி’ன்னு அடிச்சா ‘பல்லி’ன்னு வரும்.

அதைக்கூட விடாம ஒருத்தன் பிடிச்சுக் கேப்பான்... ராசு.

திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் போடுற ரிக் வண்டியில ஊர் ஊராப் போற வேலை. வண்டி எங்க நிக்குதோ அந்த ஊர் சென்டர்ல இருந்து படிச்சுட்டுப் பதில் போடுவான். நேர்ல பார்த்ததே இல்ல. என் முதல் கதை நாலு பக்கம். அதுக்கு அவன் போட்ட பதில் அஞ்சு பக்கம்!

“ஏப்பா, முதல் பாராவுல உங்கதையில வர்ற அம்மா ‘ஊட்டுக்கு வா சாமி’ங்கறாங்க. மூணாவது பாராவுல ‘வீட்டிற்கு வந்துவிடு மகனே’ங்கறாங்க. நடுவுல அம்மாவ மாத்திப்போட்டயா?”

எனக்கு வந்த கோவம் இருக்கே... ரெண்டு வாரம் அந்த மாடிப்படி பக்கமே போகல. மூணாவது வாரம் போய், அம்மா பேசுற இடத்தையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தேன். பக்கத்து கேபின்காரர் எட்டிப் பார்த்தார். பயல் சொன்னது சரிதான்.

நானும் சும்மா விடல. பதினோரு பக்கத்துக்கு ஒரு கதை போட்டான். ‘உன் கதை நாலாவது பக்கத்துலதான் ஸ்டார்ட் ஆகுது, அதுவரைக்கும் கிளம்பாத வண்டி மாதிரி செல்ஃப் அடிச்சுட்டே இருக்கே’ன்னு எழுதினேன். ஒரு வாரம் கழிச்சு மூணு பக்கத்தை வெட்டிட்டு, ஒரு வார்த்தை நன்றி சொல்லாம, மறுபடி போட்டான்.

அந்த ஃபோரம் எப்பவோ மூடியாச்சு. ராசுவோட நம்பர்கூட என்கிட்ட இல்ல.

இப்ப ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் கதை எழுதுறவங்க குரூப். காலையில கதை வந்துச்சுன்னா, படிக்கிறதுக்கு ஆகுற நேரத்துல பாதிகூட ஆகாது... கைதட்டுற பொம்மையா வந்து கொட்டும். அருமை. மிக அருமை. அருமையோ அருமை. தப்பித்தவறி யாராவது ‘இந்த இடம் புரியலையே’ன்னு கேட்டுட்டா, அட்மின் ஓடி வந்து, ‘இங்க ஊக்கப்படுத்த மட்டும்தான், குறை சொல்ல இல்ல’ன்னு அந்த மெசேஜையே தூக்கிடுவார்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில தையல் கடை வெச்சிருக்கிற அமுதாவை அந்தக் குரூப்ல சேர்த்து விட்டது நான்தான். என் மனைவியோட ஜாக்கெட் எல்லாம் அவங்கதான் தைப்பாங்க. கதை எழுதுவேன், யார்கிட்டயும் காட்டினதில்லன்னு கூச்சப்பட்டு சொன்னாங்க. ‘போடுங்கம்மா, நல்லாப் படிச்சு சொல்லுவாங்க’ன்னேன்.

போன மாசம் போட்டாங்க. ‘முதல் கதைங்க, குறை இருந்தா தயங்காம சொல்லுங்க’ன்னு மேல ஒரு வரி.

தைக்கக் குடுத்த ஜாக்கெட்டை வாங்க வராமலே ஒரு அம்மா இறந்துடுறாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அவங்க மக வந்து கேக்குறா. தையல்காரிக்கும் அந்த அம்மாவுக்கும் ஏற்கனவே ஏதோ மனஸ்தாபம். கதை இப்படி நிக்குது: ‘அலமாரியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள்’

அவ்வளவுதான். ஒரு புள்ளிகூட இல்ல. காப்பி பண்ணும்போது கடைசிப் பக்கம் விட்டுப் போச்சு.

கமெண்ட்டைக் கேளுங்க. ‘முடிவை வாசகர்கிட்டயே விட்டுட்டீங்க, அபாரம்’னு ஒருத்தர். ‘கடைசி வரியில கண் கலங்கிருச்சு’ன்னு இன்னொருத்தர். எந்தக் கடைசி வரிய்யா? அட்மின் ‘முடிவு அருமை’ன்னு போட்டு மேல ஒரு கிரீடப் பொம்மை வேற வெச்சிருந்தார்.

அதுக்குக் கீழ ஒரு மெசேஜ். ‘முடிவு மனசைத் தொட்டுருச்சும்மா, தொடர்ந்து எழுதுங்க.’

அது நான் போட்டது.

படிக்கல. சிக்னல்ல வண்டி நின்னப்ப மேல நாலு வரி பார்த்தேன். மத்தவங்க என்ன போட்டிருக்காங்கன்னு பார்த்தேன். நானும் ஒண்ணைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அமுதா குரூப்பை விட்டு வெளியேறிட்டாங்கன்னு வந்துச்சு. ஏன்னு புரியாம அப்பத்தான் மேல தள்ளிட்டுப் போய் கதையை முழுசாப் படிச்சேன். அந்த ‘அவள்’ல வந்து நின்னப்போ உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. அத்தனை பேர் மேலயும் கோவம். அந்தக் கிரீடத்து மேல கோவம். என்னைச் செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

போன் பண்ணினேன். மிஷின் சத்தம் நின்னுச்சு.

“கடைசிப் பக்கம் போகலைன்னு அன்னைக்கு மத்தியானமே பாத்துட்டனுங்ணா. ஆராச்சும் மீதி எங்கன்னு கேப்பாங்கன்னு அப்படியே உட்டுட்டேன்.”

யாரும் கேக்கல. தப்புதாம்மா, அந்தப் பக்கத்தை எனக்கு மட்டும் அனுப்புங்க, இப்பவே உக்காந்து படிக்கிறேன்னு கெஞ்சினேன்.

“இப்ப எதுக்குங்ணா... நீங்கதான் முடிவு நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்களே.”

குரல்ல கோவம்கூட இல்ல. வேலை இருக்குன்னு வெச்சுட்டாங்க.

அன்னைக்கு முகம் தெரியாத ஒருத்தன், என்னை வம்புக்கு இழுக்குறதுக்காகவாவது என் கதையை வரி வரியாப் படிச்சான். இன்னைக்கு, தெரிஞ்சவங்க கதையை நாலு வரி படிக்க எனக்கு நேரமில்ல. குரூப்ல இருந்து நானும் வெளிய வந்துட்டேன். அதனால யாருக்கு என்ன லாபம்?

ஜாக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணினான்னு எனக்கு இன்னும் தெரியாது.