முழுசாக வெட்டிய முன்பக்கம்

நான் வெட்டிய ஒரு கடதாசியால் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றது. என்னிடம் தையல் பழக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். ஊசி பிடிக்க யாரும் சொல்லித் தருவார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும், பிழை என்னுடையது.

கற்பிட்டியில் என் கடைக்குத் தைக்கக் கொடுப்பவர்களை விட வெட்டு வாங்க வருபவர்களே அதிகம். எங்கள் பக்கம் பல வீடுகளில் மெஷின் இருக்கிறது. பெண்கள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள், துணியில் வைத்து வெட்டுகிற மாதிரித் தாளை, அந்தப் பேட்டனை, உடம்புக்குச் சரியாக வெட்டத்தான் வராது. நான் அளவெடுத்து பிரவுன் பேப்பரில் வெட்டிக் கொடுப்பேன். ஒரு பிரதியில் ஊரையும் பேரையும் எழுதிச் சுவர் ஆணியில் கொழுவி வைப்பேன். அடுத்த முறை ஆள் வரத் தேவையில்லை, "போன தரம் வெட்டினதையே தாங்க" என்று சொல்லியனுப்பினால் போதும். அந்த ஆணிகளைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கும்.

ஒரு கோடையில் எத்தாளையிலிருந்து ஜெஸீமா லாத்தா வந்தார். லாத்தா என்றால் எங்களுக்கு அக்கா. கொழும்பில் வாங்கிய பேட்டனை வைத்து, வீட்டில் தானே தைத்த மெல்லிய பருத்திக் கவுன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"போட்டா இடது பக்கம் தொங்குது. பேட்டனச் சரியாக்கித் தாங்க."

"அளவெடுக்கணும் லாத்தா. அபாயாவக் கழட்டுங்க."

"மேலால எடுங்களே."

"மேலால எடுத்தா இதுவும் தொங்கும்" என்று வெடுக்கென்று சொன்னேன். எனக்கு நாக்கு நீளம்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் இடது நெஞ்சில் வைத்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. புற்றுநோய் என்று போன வருடம் ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம். கணவரையும் மகளையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு வயிற்று ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

"துணி வெச்சுக் கட்டிக்கிட்டுத்தான் ஈக்கிறன். இந்த வெக்கைக்கு அது தழும்புல உரசி எரியுது. மகளுக்குப் பேசி ஈக்கிது, மாப்புள வீட்டாக்கள் அடிக்கடி வாராங்க. துணி வெக்காம உடுக்க ஒரு கவுன் வேணும். ஆருக்கிட்டயும் செல்லிடாதீங்க. மகளுக்கும் வருமெண்டு பயப்புடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

சாதாரணமாக முன்பக்கத்தைப் பாதிதான் வரைவோம். மடித்த துணியின் மடிப்போரம் வைத்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இவருக்கு அது சரிவராது. முழு முன்பக்கத்தையும் ஒரே தாளில் வரைந்தேன். வலது பக்கம் டாட்டை, மார்பின் மேட்டுக்கு இடம் விட்டுப் பிடிக்கிற தையல் மடிப்பை, அப்படியே விட்டேன். இடது பக்கம் டாட்டை மூடி, மிஞ்சிய நீளத்தை மடித்துக் குறைத்து, கைக்குழியை உள்ளே எடுத்தேன். தோளுக்குக் கீழே யோக் என்று ஒரு தனித்துண்டு வைத்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் சுருக்கு விட்டேன், பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல். பழைய துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து மூன்று தரம் மாற்றினேன். லாத்தா கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். காத்துப் படுது" என்றார்.

நான் வெட்டியதிலேயே சிறந்த வெட்டு அதுதான். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு பிரதி எடுத்தேன். 'இடது: டாட் இல்லை' என்று குறித்தேன். 'எத்தாளை ஜெஸீமா' என்று எழுதி ஆணியில் கொழுவினேன். கை தன்பாட்டில் செய்தது.

சில வாரங்களில் மாம்புரியிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டில் தைப்பவர். தன் அக்காவின் மகனுக்கு எத்தாளையில் ஜெஸீமாவின் மகளைப் பேசியிருக்கிறது, கலியாணத்துக்கு உடுக்க ஒரு வெட்டு வேண்டும் என்றார். அப்போதாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். இருங்கள், ளுஹர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். மாடல் தேட ஆணிகளைப் புரட்டுவது எல்லாரும் செய்வதுதான். திரும்பி வந்தபோது அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இதென்ன, பாதி வெட்டாம முழுசா வெட்டி ஈக்கிது?"

"அது ஒரு டிசைன்."

தைக்கிற ஒருத்தியிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் வலது டாட்டின் மேல் விரலை வைத்தார். இடது பக்கம் அதே இடத்தில் வைத்தார். பேரை இன்னொரு தரம் வாசித்தார்.

"நல்ல டிசைன்" என்றார். அளவு கொடுக்காமலே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்குள் சம்பந்தம் முறிந்தது. 'நாளைக்குப் புள்ளைக்கும் வந்தா ஆரு பாக்குற?' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம். எத்தாளைக்குப் போனேன். மகள் அறையை விட்டு வரவே இல்லை. லாத்தா மட்டும் முன்னால் வந்து நின்றார்.

"என்ட பிழைதான் லாத்தா. பேர எழுதியிருக்கப் படாது" என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னத்துக்கு எழுதினீங்க? தொட்டுப் பாத்தீங்களே, எழுதாட்டி மறந்திடுமா?"

வாய் திறக்காமல் இருந்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். மடச்சி நான்.

இப்போது பிரதி வைப்பதில்லை. வெட்டியதை உரியவள் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த தரம் வந்தால் திரும்ப அளவெடுங்கள், வேலை கூடுகிறதே என்று பஞ்சிப்படாதீர்கள். ஜெஸீமா லாத்தாவின் மகளுக்கு அதற்குப் பிறகும் பேசி வந்தார்கள். வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது உம்மாவின் புற்றுநோய் வருத்தத்தைத்தானாம்.