மூன்று விநாடி ஜெய்னம்பு

காலை எட்டரைக்கு யாங்கூன் பன்சோடன் துறையில் படகேறினேன். எதிர்க்கரை டாலாவுக்குப் பத்தே நிமிடம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் தாங்கவில்லை.

ஹாலிவுட்டில் இருபத்திரண்டு வருடமாகத் திரைக்கதை எழுதுகிறேன். பதினேழு எழுதி, ஒன்றே ஒன்றில்தான் திரையில் என் பெயர் வந்தது. அது டாலாவின் கதை. புயலில் சின்னப் படகைச் செலுத்திப்போய் ஒன்பது பேரைக் கரைசேர்த்துவிட்டு மூழ்கிப்போன ஜெய்னம்புவின் கதை. ஆறு வருடத்துக்கு முன் அதைச் சொன்னவர் அவருடைய தம்பி காதர், கயிற்றுக் கடைக்காரர். "காசெல்லாம் வேணாம் தம்பி, லாத்தா பேரு இருந்தாப் போதும்" என்றார். அவர்கள் வீட்டில் அக்காவுக்கு லாத்தா என்று பெயர். கையடித்துச் சத்தியம் செய்தேன்.

ஹாலிவுட்டில் ஒருவன் எழுதியதை இன்னும் நாலு பேர் திருத்துவார்கள். யார் பெயரைப் போடுவது என்று தகராறு வந்தால், முகம் தெரியாத மூன்று எழுத்தாளர்கள் எல்லாப் பிரதியையும் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சொந்தக் கற்பனை என்றால் மதிப்பு கூடும். 'இந்தப் பெண் முழுக்க என் கற்பனை' என்று அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். என் பெயர் நிலைத்தது. ஜெய்னம்பு அமெரிக்க நர்ஸாகிவிட்டாள். நர்ஸாக்கியது மற்றவர்கள். கடிதம் எழுதிய கை என்னுடையது.

படம் காதரின் கண்ணில் படுமுன் நானே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் கிளம்பினேன். துறையிலிருந்து கடைக்கு மிதிவண்டி ரிக்‌ஷாவில் மூவாயிரம் கியாட்.

"வாங்க தம்பி! படம் பாத்துட்டோம்!" காதர் எழுந்து கட்டிக்கொண்டார். படத்தின் அடியில் ஓடும் பர்மிய வசன வரிகளை மகள் மா நிலார் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"பாய், பேரு விஷயமா..."

"பேரு வல்ல. கெடக்குது போங்க. ஆளை வச்சிருக்கீங்கள்ல!"

மா நிலார் கைபேசியை நீட்டினாள். நர்ஸுக்குப் பின்னால் ஒரு கறுத்த பெண் தண்ணீர்க் குவளையோடு மூன்று விநாடி கடக்கிறாள். படப்பிடிப்பு நடந்த தாய்லாந்தில் தினக்கூலிக்கு வந்த யாரோ.

"சயா, அத்தைதானே?" எழுத்தாளரை அங்கே சயா என்பார்கள்.

காதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, அவங்கதான்" என்றேன்.

பன்னிரண்டு மணிப் படகுக்குத் துறைவரை கூடவே வந்தார். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக வழியெல்லாம் பார்ப்பவர்களிடம் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன்.