மூதூர் லோஞ்சின் சுருதி

கிற்றாரில் மூன்று கோர்ட்டுகளை, அதாவது மூன்று சுரக்கூட்டுகளை, பழகிக்கொண்டால் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் பாட்டுக் கட்டலாம் என்று எங்கள் மாமா உறுதியாகக் கூறினார். அவருக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. அதை அவர் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

மாமா அம்மாவின் தம்பி. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் லோஞ்ச் படகில் வேலை பார்த்தார். சுக்கான் அறையில் நின்று, புறப்படும் வேளையில் ஹோர்ன் அடிப்பது அவருடைய பொறுப்பு. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி மூடப்பட்டபோது அங்கே கிடந்த பழைய கிற்றார் ஒன்றை வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தார். கூடவே ஒரு போட்டோப் பிரதித் தாளும் வந்தது. ஜி, சி, டி என்னும் மூன்று கோர்ட்டுகளுக்கும் எந்தத் தந்தியில் எந்த விரலை வைப்பது என்று அதில் புள்ளியிட்டுக் காட்டியிருந்தார்கள். அப்போது அக்காவுக்கு வயது பதினாறு, எனக்குப் பத்து.

மூன்றாவது தந்தி ‘ஜி’யாக ஒலிக்க வேண்டும் என்றும், மற்றவற்றை அதிலிருந்து அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தாள் சொன்னது. அந்த ஜியை எங்கிருந்து பெறுவது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது பொத்தான் போன்; அதற்குச் சுருதி பற்றி எதுவும் தெரியாது.

“இதுக்கேன் மண்டையப் போட்டு உடைக்கிறீங்கள்? எங்கட லோஞ்சின்ர ஹோர்ன் அசல் ஜி. கப்பல்காரர் அளந்து வச்சது. காலமை ஏழு மணிக்கு அடிப்பன், பிடிச்சுக்கொள்ளுங்கோ,” என்றார் மாமா.

அன்றிலிருந்து தினமும் காலையில், லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில், அக்கா கிற்றாருடன் கதிரையில் உட்கார்ந்து காத்திருப்பாள். துறைமுகத்துப் பக்கமிருந்து ஹோர்ன் எழுந்ததும் அவசரமாகத் திருகாணியைத் திருகுவாள். கடல் கொந்தளித்து லோஞ்ச் ஓடாத நாட்களில் எங்களுக்கும் பாட்டு இல்லை.

விரல்நுனிகள் காய்த்துப்போன பின், பாடசாலைக் கலைவிழாப் போட்டியில் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடுவதென்று அக்கா முடிவுசெய்தாள். அம்மா உடனே நிபந்தனை விதித்தார்.

“ஓஎல் சோதனை வருது, படிக்கோணும். மேடையில ஒழுங்காப் பாடினா கிற்றாரை வச்சிரு. இல்லாட்டி, சோதனை முடியுமட்டும் அது அலுமாரிக்கு மேல.”

அலுமாரிக்கு மேலே ஏறிய எந்தப் பொருளும் எங்கள் வீட்டில் மீண்டும் இறங்கியதில்லை. அங்கே அப்பாவின் கரம் பலகை பல ஆண்டுகளாகக் கிடந்தது.

அக்கா முதலில் எழுதியது உலக சமாதானத்தைப் பற்றி. ஒரு கோர்ட்டுக்கு நான்கு தட்டுகள் என்பது கணக்கு. ‘மானிட சமுதாயத்தின் மறுமலர்ச்சியே’ என்று அவள் பாடி முடிப்பதற்குள் ஆறு தட்டுகள் கடந்துவிடும். ஒரு கிழமை முழுவதும் அவள் சமுதாயத்தைச் சுருக்கிப் பார்த்தாள், அது சுருங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து, மூதூருக்குப் போய்வரும்போது லோஞ்சில் கண்டவற்றைச் சும்மா முணுமுணுத்தேன். அவை கச்சிதமாகப் பொருந்தின.

லோஞ்சு போகுது, தயிர்ச்சட்டி ஆடுது,
கோழிக்கூடை கூவுது, குடை பறக்குது,
போனவங்க எல்லாரும் பொழுது சாய முன்னம்
வந்திடுங்கோ… வீட்டுக்கு!

“இதுவும் ஒரு பாட்டோடி?” என்று அக்கா சிரித்தாள். ஆனால் அவளுடைய விரல்கள் நிற்கவில்லை. ஜியில் புறப்பட்டு, சியில் அலைந்து, டிக்கு வந்தால், திரும்பவும் ஜிக்குப் போகாமல் காது ஓயாது என்பதை அந்த வரிகளில்தான் இருவரும் கண்டுபிடித்தோம். ஆகவே ‘வந்திடுங்கோ’ என்று டியில் நிறுத்தி, மூன்று எண்ணும்வரை காக்க வைத்து, பிறகே ‘வீட்டுக்கு’ என்று ஜியில் இறங்குவது எங்கள் சூழ்ச்சி. உலகில் வேறெவரும் அதைச் செய்ததில்லை என்று நம்பினோம்.

விழா அன்று காலையில்தான் சங்கீத ரீச்சரின் கீபோர்ட்டுடன் ஒத்திகை. அக்கா முதல் ஜியை மீட்டியதும் ரீச்சர் கையை எடுத்துவிட்டார்.

“இது ஜியுமில்லை, ஜிக்குக் கீழ இருக்கிற கட்டையுமில்லை. ரெண்டுக்கும் நடுவில எங்கயோ நிக்குது. இந்தச் சுருதிய எங்க எடுத்தனீங்கள்?”

“லோஞ்சில, ரீச்சர்,” என்றேன் நான்.

கீபோர்ட்டுக்கு இறங்கி வரத் தெரியாது. ஆகவே கிற்றார்தான் ஏற வேண்டும் என்றார் ரீச்சர். அக்கா திருகாணியை முறுக்கினாள். துருப்பிடித்த முதல் தந்தி பட்டென்று அறுந்தது. மாற்றுத் தந்தி கிடையாது. மற்றவற்றைத் தொடவே பயமாக இருந்தது. கீபோர்ட் இல்லாமல், மிஞ்சிய ஐந்து தந்திகளுடன், பழைய சுருதியிலேயே பாடுவதென்று முடிவாயிற்று. கடற்காற்று வீசும் திறந்த மைதானத்தில் அந்த மெலிந்த ஒலி எவர் காதில் விழும் என்று அக்கா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார். “உங்கட ஹோர்ன் பொய், மாமா,” என்று நான் வாசலிலேயே சொன்னேன்.

“கப்பல்காரர் அளந்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று அக்கா கேட்டாள்.

மாமா அறுந்த தந்தியை விரலில் சுற்றினார். “ஒருத்தரும் சொல்லேல்லை. நான் ஒரு கதைக்குச் சொன்னனான் பிள்ளை.”

அக்கா உள்ளே போய்விட்டாள். மாமா என்னை அழைத்துப் பாட்டை ஒருமுறை பாடச் சொன்னார். டியில் நான் நின்றதும் நிமிர்ந்தார்.

“இதில ஏன் நிக்கிறாய்?”

“சனம் ஜிக்குக் காத்துக்கொண்டு இருக்கோணும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“மூண்டு எண்ணுமட்டும்.”

“கடைசி முறையும் அப்பிடித்தானோ?”

“ஓம்.”

அவர் விரல்விட்டு மூன்று எண்ணிப் பார்த்தார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

பின்னேரம் நாலரைக்கு மேடை ஏறினோம். எங்கள் பாடசாலை மைதானத்துக்கும் லோஞ்ச் கட்டும் ஜெட்டித்துறைக்கும் இடையே ஒரு வீதி மட்டுமே. ஒலிபெருக்கியில் பாடுவது அங்கேயும் கேட்கும். தயிர்ச்சட்டிக்கு முன்வரிசை சிரித்தது. கோழிக்கூடைக்குப் பின்வரிசையும் சிரித்தது. ஆனாலும் மைக் இல்லாத கிற்றாரின் ஒலி மெலிந்துதான் இருந்தது. கடைசி முறை ‘வந்திடுங்கோ’ என்று டியில் நிறுத்தினோம். ஒன்று. இரண்டு. மூன்று.

ஜெட்டியிலிருந்து ஹோர்ன் எழுந்தது.

நீளமாக, மைதானம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, எங்கள் ஜி. அக்கா ஒரு கணம் திகைத்தாள்; பிறகு ஐந்து தந்திகளையும் ஓங்கி மீட்டினாள். கீபோர்ட்டுக்குப் பிழையாக இருந்த கிற்றார் அந்த ஹோர்னுடன் மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. ‘வீட்டுக்கு’ என்று நாங்கள் கத்தியபோது சனம் எழுந்து நின்று கைதட்டியது. எங்களுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசுதான். எனினும் அம்மா அலுமாரியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா எங்கள் பாட்டுக்கு ஹோர்ன் அடித்தது எனக்கு மிகவும் இயல்பான காரியமாகத் தோன்றியது. கடைசி லோஞ்ச் ஐந்தேகாலுக்கே புறப்பட வேண்டியது என்பதை நான் நினைக்கவேயில்லை. அந்த ஒலியை நம்பித் தேத்தண்ணிக் கடையிலிருந்தும் மீன்சந்தையிலிருந்தும் மனிதர்கள் பைகளுடனும் பிள்ளைகளுடனும் ஜெட்டிக்கு ஓடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் வேகமாக ஓட முடியாத ஒருவரும் அவர்களுக்குள் இருந்திருப்பார். பொது ஒலி ஒன்றைச் சொந்தப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது சரிதானா என்று இன்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றே சொல்வேன். சொல்லும்போது சிரிக்காமல் இருக்க ஏலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கிழமை அம்மாவுடன் ஜெட்டிக்குப் போனேன். மாமா சுக்கான் அறையில் இல்லை. லோஞ்சின் முனையில், எல்லோருக்கும் தெரியும்படி, தடித்த வடக்கயிற்றைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார். உள்ளே ஒரு மூலையில் நின்றவரை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்; பாட்டைக் கேட்டுத்தான் இந்த மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

“மாமா, உங்களுக்கு ப்ரமோஷனோ?” என்று கரையிலிருந்து கத்தினேன்.

அம்மா என் தோளை இறுகப் பிடித்தார். வடத்தால் சிவந்துபோன உள்ளங்கையை மாமா உயர்த்திக் காட்டினார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “இஞ்ச நல்ல காத்து.”

லோஞ்ச் புறப்பட்டது. ஹோர்னை வேறொருவர் அடித்தார். அது அதே ஜிதான் என்று பெருமையுடன் அம்மாவிடம் சொன்னேன்.