அவர் ஏன் குனியவில்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். மட்டக்களப்பில் இயன்மருத்துவராகச் சேர்ந்த வருடம்தான் யுத்தமும் முடிந்தது.

செட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் நாரி நோவென்று இடுப்பைப் பிடித்தபடி வந்தார். கூடவே நான்கு வயது மகள். குனிந்து நிமிரும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் "ஓம் மிஸ்" என்பார், குனியமாட்டார். மகள் கையை நீட்டினாலும் தூக்கமாட்டார்.

ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன்.

"அக்கா, நாரிக்குள்ள என்ன நடந்திருக்கெண்டு நினைக்கிறீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். "இவளப் பெத்த கிழமையே சுனாமியில கடல் வந்திட்டு மிஸ். பிள்ளை பெத்தா நாரிக்குச் சுடச்சுட மருந்துத் தண்ணி ஊத்தணும். முகாம்ல குடிக்கவே தண்ணியில்ல. பெத்தப்ப விரிஞ்ச எலும்பு மூடாமலே கிடக்கு. குனிஞ்சா விலகிரும். பிறகு இவள ஆர் பாக்கிற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி பிறந்தபோது எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் ஊற்றினார்கள்.

"அந்தத் தண்ணி உடம்பு நோவுக்குச் சுகம்தான் அக்கா. ஊத்தாட்டியும் எலும்பு தானாச் சேந்திரும். உங்களுக்கு அப்பவே சேந்திட்டு."

"மெய்தானா?"

"மெய்தான். நான் பிடிச்சுக்கொள்றன், கொஞ்சம் குனிங்க."

அன்று கொஞ்சம்தான் குனிந்தார். சில கிழமைகள் கழித்து, முழங்காலை மடக்கி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"அம்மோவ், என்ன பாரம்! தின்னுறதெல்லாம் எங்க போகுதெண்டு இப்பதான் தெரியிது," என்று அழுதுகொண்டே சிரித்தார்.

போகும்போது எனக்கு நன்றி சொன்னார். நான்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை வருடம் யாருக்கும் சொல்லாத பயத்தை, வேலைக்குப் புதிதான என்னை நம்பிச் சொன்னவர் அவர்.