பதிவேட்டில் ஒரு சந்தன விரல்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையேறுகிறவர்களில் பாதிப்பேர் சந்தனம் பூசிய தலையோடுதான் இறங்குகிறார்கள். அதனால்தான் அன்று ஏழாம் வகுப்பும் கோட்டை விட்டது, அவர்களுக்குத் துப்பறியும் கதை நடத்தும் நானும் கோட்டை விட்டேன்.

கதைக்கு வாரத்தில் ஒரே பீரியட். பழைய பாணிக் கதை: பூட்டிய பங்களா, ஆறு பேர், ஒரு கொலை. தடயங்களைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை வாதாட விட்டு, கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஒரு வாரம் தவியாய்த் தவிப்பார்கள். கணக்கு சாருக்கு அந்தப் பீரியட் மேல் ஒரு கண். "கொலைக் கதை படிச்சா கணக்கு வருமா டீச்சர்?" என்பார்.

முடிவைப் படிக்க வேண்டிய புதன்கிழமை அது. மதியம் சாப்பிடப் போனபோது மேசையில் இருந்த புத்தகம், கடைசிப் பீரியடுக்கு வந்து பார்த்தால் இல்லை. அதற்கடியில் இருந்த வருகைப் பதிவேட்டின் மேல் மஞ்சளாக ஒரு சந்தன விரல் தடம். வகுப்பில் மொட்டை போட்டவள் ஒருத்திதான். வேண்டுதலுக்கு முடி கொடுத்துவிட்டு, கூச்சத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு வருபவள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். பின்னாலேயே கணக்கு சார்.

"கதை சொல்லித் திருடக் கத்துக் குடுத்திருக்கீங்க. மணி அடிக்கறதுக்குள்ள புக்கு வரலைன்னா, இனிமே இந்தப் பீரியட் கணக்குக்கு" என்றார் தலைமையாசிரியை.

நானும் ஒரு கணம் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்து பெஞ்சில் வைத்தாள்.

"நல்லா பாருங்க மிஸ். நான் மொட்டை போட்டது ஞாயித்துக்கெழம. மூணு தபா தலைக்கு ஊத்தியாச்சு, முடி முள்ளு முள்ளா வந்துகினு இருக்குது. சந்தனம் ஏது?" பதிவேட்டை எடுத்து முகர்ந்தாள். "இது இன்னும் வாசனையா இருக்குது. இன்னிக்குக் காலைல மொட்டை போட்டவங்கதான் தலைய தடவிக்கினே எடுத்திருக்காங்க."

வகுப்பு மெல்லத் திரும்பியது. காலையில் பர்மிஷன் போட்டு மலைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்திருந்த கணக்கு சாரின் தலை, கதவோர வெயிலில் மஞ்சளாக மின்னியது. அன்று முழுக்க அந்தத் தலை எங்கள் கண்ணெதிரிலேயேதான் நடமாடிக்கொண்டிருந்தது.

அசடு வழிந்தபடி பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "அப்படி இன்னாதான் இருக்குதுன்னு பாக்க எடுத்தேன் டீச்சர். ஆரம்பிச்சா கீழ வெக்க முடியல. இன்னும் நாலு பக்கம்தான் பாக்கி."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே ஓடி வந்தது. தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பீரியட் உங்களுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எல்லோர் முன்னிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசி அத்தியாயத்தை அவளையே வாசிக்கச் சொன்னேன். கணக்கு சார் கடைசி பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. அவள் நிமிர்ந்து நின்று கொலையாளியின் பெயரை வாசித்தபோது தலைத்துணி பெஞ்சிலேயே கிடந்தது. மறுநாள் அவள் அதைக் கட்டிக்கொண்டு வரவில்லை.